உகாண்டாவா, திருப்பூரா? குடும்பநலக் கிளினிக்கில் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு

மே மாதம் ஒரு ராத்திரி தம்பி மகள் போன் செய்தாள்.

"அத்தை, உகாண்டாவுல ஒரு கிளினிக். ஆறு வாரம். ஒன்னே முக்கால் லட்சம் கட்டணும், டிக்கெட் தனி. போகட்டுமா?"

அவளுக்கு 26 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். அடுத்த வேலையில் ஜனவரியில்தான் சேர வேண்டும். நடுவில் கிடைத்த ஆறேழு மாதத்தை ஒரு குடும்பக் கட்டுப்பாட்டுக் கிளினிக்கில் சம்பளம் வாங்காமல் உழைத்துக் கழிக்க ஆசைப்பட்டாள். ஏன் இந்தத் துறை என்று நான் கேட்கவில்லை. தம்பி ரயில்வேயில் இருந்தான், பிலாஸ்பூரில். இவள் பத்தாவது வரை அங்கேதான் படித்தாள். 2014 நவம்பரில் பிலாஸ்பூர் பக்கத்தில் நடந்த கருத்தடை முகாமில் ஒரே நாளில், சில மணி நேரத்துக்குள், 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்துபோனார்கள். இவளுக்கு அப்போது 15 வயது. பேப்பரில் வந்த செய்திகளை வெட்டி நோட்டுக்குள் வைத்திருந்தாள் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள்.

நான் 1983 முதல் 31 வருஷம் தென்மாவட்டக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக இருந்தேன். ஊர்ப் பெண்களுக்கு நர்சம்மா. ஓய்வுக்குப் பிறகு கொஞ்ச நாள் நேபாளத்திலும் இருந்திருக்கிறேன். அவளும் நானும் உட்கார்ந்து இரண்டு வாரம் அலசியதை எழுதி வைத்தால், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

அந்தக் கிளினிக்கில் நடக்கும் வேலை என்ன?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த ஊருக்குப் போவது என்று யோசித்துப் பயனில்லை. காப்பர் டி போடுவது, ஊசி குத்துவது, ஆபரேஷனுக்குத் தயார் செய்வது இதெல்லாம் சேர்ந்து நாளில் கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் பேச்சு. அதுவும் சாதாரணப் பேச்சு இல்லை. ஒரு பெண் தலைவலி மாத்திரை கேட்டு வருவாள். வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அடுத்த வாரமும் வருவாள். மூன்றாவது தடவை, மாமியார் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, குரலைத் தாழ்த்தி, "இந்த லூப்பு நெஞ்சுக்கு ஏறிடுமாமே, நெசமா?" என்பாள். காப்பர் டிக்கு ஊரில் லூப்பு என்றுதான் பெயர். அவள் முதல் தடவை வந்ததே அதைக் கேட்கத்தான்.

அந்தக் கேள்விக்கு "ஏறாதும்மா" என்று ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் போதாது. கர்ப்பப்பை ஒரு மூடிய பை, அதிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது என்று கையை மடக்கிக் காட்ட வேண்டும். யார் அப்படிச் சொன்னது, அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பக்கத்து வீட்டில் யாருக்கோ காப்பர் டி போட்ட பிறகு ரத்தப் போக்கு அதிகமாகியிருக்கும். அந்தப் பயம் நெஞ்சு வரை ஏறியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியும் அப்படித்தான். போட்ட பிறகு சிலருக்கு மாதவிலக்கே நின்றுபோகும். மருத்துவத்தில் அது ஆபத்து இல்லை. ஆனால் "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமே" என்று அவள் ராத்திரி தூங்க மாட்டாள். முன்கூட்டியே யாராவது பக்குவமாகச் சொல்லியிருந்தால் அடுத்த ஊசிக்கு வருவாள். சொல்லாவிட்டால் வர மாட்டாள், அடுத்த வருஷம் வேண்டாத கர்ப்பத்தோடு வருவாள்.

இதை நான் அனுபவத்தில் மட்டும் சொல்லவில்லை. வங்கதேசத்தில் மத்லப் என்ற ஊரகப் பகுதி இருக்கிறது. 1975ல் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள்: வயதான, எழுதப் படிக்கத் தெரியாத, பெரும்பாலும் கைம்பெண்களான பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மாத்திரையும் ஆணுறையும் கொடுத்தார்கள். முதலில் உபயோகம் ஏறியது, அப்புறம் சரிந்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டவளுக்குக் குமட்டினால் என்ன செய்வது என்று சொல்ல ஆள் இல்லை. 1977ல் முறையை மாற்றினார்கள். அதே கிராமங்களைச் சேர்ந்த, கல்யாணமான, எட்டாவது வரையாவது படித்த இளம் பெண்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, பல வகை முறைகளையும் கையில் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போகச் சொன்னார்கள். பத்து விழுக்காட்டுக்கும் கீழே இருந்த உபயோகம் ஒன்றரை ஆண்டில் முப்பதைத் தாண்டியது. ஊர் அதே ஊர். முறைகள் கூடின, வாசலில் வந்து நின்ற ஆளும் மாறினாள். அவள் திரும்பத் திரும்ப வந்தாள்.

ஆகவே நாங்கள் எல்லா வாய்ப்புகளையும் மூன்று கேள்விகளால் அளந்தோம். அங்கே வருகிற பெண்ணோடு நீ அவள் மொழியில் பேச முடியுமா? ஊசி போட்ட பெண் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும்போது நீ அங்கே இருப்பாயா? உன்னை அந்தக் கிளினிக் கேட்டதா, அல்லது நடுவில் உள்ள ஒரு நிறுவனம் விற்றதா?

பணம் கட்டிப் போகிற ஆறு வாரம்

உகாண்டாவை முதலில் எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் அவள் மனது அங்கேதான் இருந்தது. அந்த நாட்டின் குடும்பநலப் பணி நம்மிடமிருந்து கற்க வேண்டியதும் நமக்குக் கற்பிக்க வேண்டியதும் நிறைந்தது. நம் ஊரில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெண்ணுக்கு ஆபரேஷன் என்று ஆகிவிட்டது. அங்கே ஊசியும், கையில் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் குச்சியும்தான் பெண்கள் அதிகம் கேட்பவை. அந்தக் குச்சி மூன்று முதல் ஐந்து வருஷம் வேலை செய்யும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். நம் நர்சுகளில் பெரும்பாலோர் அதைக் கையில் எடுத்தே பார்த்ததில்லை. தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளவும் அங்கே பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். போனால் அவள் கற்றுக்கொள்வாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கற்றுக்கொள்ளப் போவது வேறு, தொண்டு செய்யப் போவது வேறு. கம்பாலாவில் ஆங்கிலம் ஓடும். கிளினிக் இருப்பது கிராமத்தில். அங்கே வருகிறவள் லுகாண்டாவோ லுசோகாவோ பேசுவாள். ஆறு வாரத்தில் வணக்கம் சொல்லக் கற்கலாம், நெஞ்சுக்கு ஏறும் லூப்பைக் கீழே இறக்க முடியாது. பிறகு உரிமம். எந்த நாட்டிலும் அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு இல்லாமல் நோயாளியின் உடம்பில் கை வைக்கக் கூடாது. "அதெல்லாம் அங்கே யாரும் கேட்க மாட்டாங்க மேடம், நீங்களே காப்பர் டி போடலாம், நல்ல எக்ஸ்பீரியன்ஸ்" என்று அந்த ஏற்பாட்டு நிறுவனத்தில் போனை எடுத்தவர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு பதறியது. கோவையில் உனக்கு அனுமதி இல்லாத ஒன்றை ஏழை நாட்டுப் பெண்ணின் கர்ப்பப்பையில் பழகிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னால், மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம். போனை வைத்துவிடலாம்.

ஒன்றே முக்கால் லட்சத்தில் எவ்வளவு கிளினிக்குக்குப் போகிறது என்றும் கேட்டோம். தங்குமிடம், சாப்பாடு, வார இறுதிச் சுற்றுலா என்று கணக்கு வந்தது. கிளினிக் பங்குக்கு எண் வரவில்லை. இந்தக் கேள்விக்கு இப்போது முன்னைவிடக் கனம் கூடியிருக்கிறது. உலகில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணிக்கு அதிக உதவி கொடுத்துவந்த நாடு அமெரிக்கா. 2025 ஜனவரியில் அந்த உதவியை நிறுத்தி வைத்தார்கள். கருக்கலைப்பு செய்கிற, அதற்கு வழிகாட்டுகிற, அதை ஆதரித்துப் பேசுகிற வெளிநாட்டு அமைப்புகளுக்குப் பணம் கிடையாது என்ற பழைய கொள்கையும், 1984ல் முதலில் வந்தது, திரும்பவும் வந்துவிட்டது. ஆப்பிரிக்காவின் கிளினிக்குகள் பலவற்றில் இப்போதைய குறை மருந்தும், உள்ளூர் நர்சின் சம்பளமும். இன்னொரு ஜோடிக் கை அங்கே தேவைப்படவில்லை. மனது உகாண்டாவில்தான் என்றால், அங்கே 1957 முதல் இயங்கிவரும் 'ரீப்ரொடக்டிவ் ஹெல்த் உகாண்டா' போன்ற அந்நாட்டு அமைப்புக்கே அந்தப் பணத்தை அனுப்பிவிடலாம். நான் அதைத்தான் அவளிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

போகத்தான் போகிறேன் என்கிறவர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல்: உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழைத் தொலைத்துவிட்டால் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

நேபாளத்தில் நான் கண்டது

2015 ஏப்ரல் 25ல் நேபாளத்தில் பூகம்பம் வந்தபோது நான் ஓய்வுபெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு மருத்துவக் குழுவோடு மூன்று வாரம் போனேன். மலைச் சரிவில் கூடாரம். பிரசவம், காயம், காய்ச்சல் எல்லாவற்றோடும் குடும்பநலமும் உண்டு, ஏனென்றால் வீடு இடிந்த பெண்ணுக்கும் அடுத்த ஊசிக்குத் தேதி வந்துவிடும். வீட்டோடு மாத்திரையும் மண்ணுக்குள் போயிருக்கும்.

எனக்கு நேபாளி தெரியாது. இந்தியும் அரைகுறை. "தீன் மஹினே சுயி" என்று அவர்கள் கேட்பது மூன்று மாத ஊசி என்பதை இரண்டாம் நாள் கற்றேன். கற்றது கிட்டத்தட்ட அவ்வளவுதான். நான் செய்தது கருவிகளைக் கொதிக்க வைத்தது, பதிவேடு எழுதியது, தண்ணீர் சுமந்தது. அதுவும் தேவைப்பட்ட வேலைதான், குறையாக நினைக்கவில்லை. ஆனால் குடும்பநலப் பணியைச் செய்தவள் வேறொருத்தி. அந்த ஊரைச் சேர்ந்த, நாற்பது வயதிருக்கும், நீல விளிம்புச் சேலை கட்டிய ஒரு பெண் தினமும் பெண்களைக் கூட்டி வருவாள். கூடாரத்துக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியோடும் பேசுவாள். உள்ளே வரும்போது அவர்கள் முடிவோடு வருவார்கள். அவள் வீடும் இடிந்திருந்தது.

அவள் நேபாள அரசின் பெண் சமுதாய சுகாதாரத் தன்னார்வலர்களில் ஒருத்தி. 1988ல் தொடங்கிய அமைப்பு அது. நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது. மாத்திரையும் ஆணுறையும் வீட்டில் வைத்துக் கொடுப்பது, ஊசிக்கும் மற்றதற்கும் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. வளரும் நாட்டுக் குடும்பநலக் கிளினிக்கில் தன்னார்வலர் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கல்லில் உட்கார்ந்த பெண்தான் ஞாபகம் வருவாள். நம்மைப் போன்றவர்கள் போனால் அவளுக்குப் பின்னால் நிற்கத்தான் போக வேண்டும்: அவள் பதிவேட்டைச் சரியாக்க, அவளுக்குக் கிடைக்காத மருந்துக்கு அலைய, அவள் கேட்டால் மட்டும் பயிற்சி கொடுக்க.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம். லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ போகும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது: சுற்றுலா விசாவில் போய் அங்கே சம்பளமில்லாத வேலை செய்வதும் சட்டப்படி தவறு. அதைச் சொல்லாமல் ஆள் சேர்க்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

நீண்ட காலப் பணி

ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஒதுக்க முடிந்தவர்களுக்கு வெளிநாடு போக நல்ல வழி இருக்கிறது. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970ல் உருவானது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். போகிறவர் பணம் கட்டுவதில்லை, அவர்களே வாழ்க்கைச் செலவுக்கு மாதப்படி தருகிறார்கள். அங்குள்ள அலுவலகம் இன்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று எழுதிக் கேட்ட பிறகுதான் விளம்பரமே வரும். என் மூன்றாவது கேள்விக்கு அது நேரான பதில். அதில் 'ஸ்பெஷலிஸ்ட்' பிரிவுக்கு வயது 27 ஆகியிருக்க வேண்டும். இவளுக்கு ஒரு வயது குறைவு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் நர்சுகளை எடுக்கிறது, குறைந்தது இரண்டு வருஷ அனுபவம் கேட்கும், பிரெஞ்சு தெரிந்தால் வாய்ப்பு கூடும். ஆனால் அவர்கள் அனுப்புவது பல மாதங்களுக்கு. ஜனவரியில் வேலைக்குச் சேர வேண்டியவளுக்கு இது பொருந்தாது. 35 வயதில், கையில் அனுபவத்தோடு, வீட்டுப் பொறுப்பு கொஞ்சம் இளகிய நர்சோ மருத்துவரோ என்னைக் கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

வீட்டைவிட்டு நகர முடியாதவர்கள் இணையவழியில் உதவலாம். ஐ.நா. திட்டத்திலேயே அதற்கும் ஒரு பிரிவு உண்டு. தமிழில் துண்டுப் பிரசுரம் எழுதிக் கொடுப்பது அருமையான வேலை. எங்கள் காலத்தில் வந்த பிரசுரங்களில் 'கருப்பையினுள் பொருத்தப்படும் கருத்தடைச் சாதனம்' என்று இருக்கும். படித்துக் காட்டினால், "அப்ப காப்பர் டி வேறயா நர்சம்மா?" என்பார்கள்.

சொந்த மண்

நாங்கள் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். வளரும் நாடு என்றதும் ஏன் கடல் தாண்டித்தான் யோசிக்கிறோம் என்று எனக்கு வருத்தம் உண்டு. உலகிலேயே முதலில் அரசுத் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கிய நாடு இந்தியா, 1952ல். அதே வருஷம் பம்பாயில் நடந்த மாநாட்டில்தான் சர்வதேசக் குடும்பக் கட்டுப்பாட்டுக் கூட்டமைப்பு பிறந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1949ல், தன்வந்தி ராமராவும் ஆவாபாய் வாடியாவும் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சங்கத்துக்கு இன்றும் பல மாநிலங்களில் கிளைகளும் கிளினிக்குகளும் உண்டு, தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1953ல் தொடங்கிய இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் இருக்கிறது. நம் பக்கத்தில், டாக்டர் சௌந்தரம் 1947ல் தொடங்கிய காந்திகிராமத்தில், 1964 முதல் ஊரக சுகாதாரத்துக்கும் குடும்ப நலத்துக்குமான பயிற்சி நிலையம் இயங்கிவருகிறது. திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்துப் பெண்களிடமிருந்து கற்றதை அங்கிருந்து நாடே எடுத்துக்கொண்ட காலம் உண்டு.

"ஆனா தமிழ்நாட்டுல எல்லாம் முடிஞ்சிருச்சே அத்தை. இங்க என்ன வேலை இருக்கு?" என்றாள்.

முடியவில்லை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். எண்ணைப் பார்த்தால் முடிந்த மாதிரித்தான் தெரியும். கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆண்கள்? ஆயிரத்துக்கு ஒருவர் என்கிற அளவு. கத்தி வைக்காத, சிறு துளை வழியே சில நிமிடத்தில் முடிகிற வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன், இருக்கும்போது! அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வைத்துக்கொண்டு, பிறகு பரிசோதனை செய்தால் போதும். "கனமான வேலை செய்ய முடியாது", "ஆண்மை போயிடும்" என்ற இரண்டு வாக்கியங்கள் வழியை அடைத்து நிற்கின்றன. நர்சம்மா சொல்லி அது உடையாது. டீக்கடை பெஞ்சில் இன்னொரு ஆண் சொல்ல வேண்டும். நர்சிங் படிக்காத ஆண் ஒருவர் குடும்பநலத் தொண்டுக்கு வர விரும்பினால், உலகத்தில் எங்கேயும் போக வேண்டாம். அவருடைய ஊரில் அந்த பெஞ்ச் காலியாக இருக்கிறது.

இன்னொரு குறை, குழந்தைகளுக்கு நடுவே இடைவெளி விடும் முறைகள். 2017 முதல் மூன்று மாத ஊசி 'அந்தரா' என்ற பெயரிலும், ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரையும் அரசு மையங்களில் இலவசம். சாயாவின் மருந்து லக்னோவில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. 22 வயதில் ஆபரேஷன் செய்துகொண்டு, 30 வயதில் மறு கல்யாணமோ குழந்தையின் சாவோ நேர்ந்து என்னிடம் வந்து அழுத பெண்களை நான் மறக்கவில்லை. அவர்களுக்கு இடைவெளி விடும் முறைகளைப் பற்றி யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

பேசாததற்கு எனக்கும் பங்கு உண்டு. 1996 ஏப்ரலில் நாடு முழுக்க எடுக்கப்படும் வரை எங்களுக்கு டார்கெட், அதாவது ஆளுக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற இலக்கு, இருந்தது. மார்ச் மாதம் வந்தால் 'கேஸ்' பிடிக்க ஓடுவோம். சில வீடுகளில் நான் ஆலோசனை சொல்லவில்லை, நச்சரித்தேன். அந்தப் பெண்களில் இரண்டு மூன்று பேர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது இதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்: இங்கே ஆளுக்கு இத்தனை என்று எண் வைத்திருக்கிறார்களா? "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணை எப்படி நடத்துகிறார்கள்? போட்ட காப்பர் டியை எடுத்துவிடச் சொல்லி வந்தால் அன்றே எடுக்கிறார்களா, நாளைக்கு வா என்று அலைய விடுகிறார்களா? ஒரே நாளில் நிறைய ஆபரேஷன் நடக்கிறதா? கருத்தடை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேசுகிற அறைக்குக் கதவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 18 வயது ஆகாத பெண் கர்ப்பமாக வந்தால் சட்டப்படி என்ன செய்ய வேண்டும், அவள் பெயரை எப்படிக் காப்பது என்று முதல் நாளே பயிற்சி தருகிறார்களா என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தில் நம்பிச் சேரலாம்.

முடிவு எப்படி வந்தது

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் நேபாளக் கதையை இன்னொரு தடவை சொன்னேன், வாய் இருந்தும் ஊமையாக உட்கார்ந்திருந்ததை. அவள் கை சோற்றிலேயே நின்றது.

"அத்தை, எனக்கு இந்தி தெரியும். பிலாஸ்பூர்ல கிராமத்துப் பொம்பளைங்க பேசுறதும் புரியும்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் இருக்கின்றன. அந்தப் பெண்கள் நம் சுகாதார நிலையத்துக்கு வந்தால், நான் நேபாளத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். நர்சுக்கு அவர்கள் பேச்சு புரியாது, அவர்களுக்கு நர்சின் பேச்சு புரியாது. ஊசி எதற்கு, எத்தனை நாளுக்கு, மாதவிலக்கு நின்றால் பயப்பட வேண்டுமா, எதுவும் அவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. எழுதவே வேண்டியதில்லை என்று நினைத்தாலும் எழுதிவிடுகிறேன்: அவர்கள் அதிகம் பெறுகிறார்கள் என்று எண்ணிக் குறைக்கப் போகிற வேலை இல்லை இது. பிள்ளை வேண்டும் என்கிறவளுக்கு ஆரோக்கியமான பிரசவம், இப்போது வேண்டாம் என்கிறவளுக்கு அதற்கான வழி, இரண்டும் அவள் பாஷையில்.

மூன்று கேள்விகளையும் போட்டுப் பார்த்தோம். மொழி இருக்கிறது. ஆறு மாதம் இருப்பாள், ஆகவே ஊசி போட்டவளை இரண்டு தடவை திரும்பப் பார்ப்பாள். மூன்றாவதற்கு அவளே போய்க் கேட்டாள். ஒரு அறக்கட்டளை நடத்தும் கிளினிக்கில் அங்கிருந்த மூத்த சிஸ்டர், "இந்தி தெரிஞ்ச பொண்ணு வேணும்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்மா" என்றாராம். உரிமச் சிக்கல் இல்லை, தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு இருக்கிறது. செலவு மாதம் ஒரு விடுதி அறை வாடகை. உகாண்டாவுக்கு எடுத்து வைத்த பணத்தில் கொஞ்சத்தை அந்த நாட்டு அமைப்புக்கே அனுப்பினாள். மனது முழுக்க ஆறவில்லை என்றும் சொன்னாள். 27 ஆனதும் ஐ.நா. பட்டியலைப் பார்ப்பாள் என்று நினைக்கிறேன், பார்க்கட்டும்.

ஜூலையில் சேர்ந்தாள். நினைத்ததெல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. முதல் வாரமே வந்த ஒடிசாப் பெண்ணுக்கு இந்தியும் தெரியவில்லை. கூட வந்த பக்கத்து வீட்டுக்காரி தமிழ் கற்றுக்கொண்டவள், அவள் மொழிபெயர்த்தாள். பெண்ணுக்கு வேண்டியது காப்பர் டி. ஆனால் கணவனுக்குத் தெரியாமல் போட்டுக்கொள்ள நினைக்கிறாளா என்ற கேள்வியை மட்டும் பக்கத்து வீட்டுக்காரியை வைத்துக்கொண்டு இவளால் கேட்க முடியவில்லை. அன்று ராத்திரி போனில், "கேக்காமலே விட்டுட்டேன் அத்தை" என்றாள். மறுநாள் அதே கிளினிக்கில் பெருக்கித் துடைக்க வரும் ஒடிசா அம்மாவிடம் பாடம் கேட்க ஆரம்பித்துவிட்டாள், தினம் மத்தியானம் அரை மணி நேரம். நோட்டில் முதலில் எழுதிய வார்த்தையைச் சொல்லிச் சிரித்தாள்: மாதத்துக்கு ஒடியாவிலும் 'மாச' தானாம். அந்தப் பெண்ணை அடுத்த மாதம் திரும்பி வரச் சொல்லியிருக்கிறார்கள்.